ஒரு ஜீனை மாற்றினால் ஆளையே மாற்ற முடியுமா?

மரபணு திரில்லர் நாவல்களுக்கு என்று ஒரு வழக்கமான சட்டகம் இருக்கிறது. ஒரு ரகசிய ஆய்வகம், ஒரு வைரஸ், ஒரு ஊசி. அதைப் போட்டுக்கொண்டவன் மறுநாள் காலையில் வேறு ஆளாக எழுந்திருப்பான். சொன்னதைச் செய்வான். கொல்லச் சொன்னால் கொல்வான், ஏன் கொன்றோம் என்ற கேள்வியே அவனுக்குள் எழாது. இதைத் துப்புத் துலக்கும் நாயகி ஒரு விஞ்ஞானி. முந்நூறாவது பக்கம் வாக்கில், அதே ஊசி தனக்கும் எப்போதோ போடப்பட்டிருப்பது அவளுக்குத் தெரியவரும். அப்படியானால் இதுவரை அவள் எடுத்த முடிவுகள் யாருடையவை? அந்த இடத்தில் நாமும் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டோம்.

படித்து முடித்த பிறகு இரண்டு சந்தேகங்கள் மிஞ்சும். இப்படிச் செய்ய முடியுமா என்பது ஒன்று. செய்தால் அந்த ஆளுக்குச் சுதந்திர விருப்பம் என்று ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது இன்னொன்று. முதலாவது உயிரியல், இரண்டாவது தத்துவம். நாவலாசிரியர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். கதைக்கு அது நல்லது. புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஜீன் என்ன செய்கிறது?

மனித உடலின் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. எழுத்து என்பது இங்கே நான்கு வேதிப்பொருள்களில் ஒன்று. அந்த நீண்ட இழையில் அங்கங்கே, புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு ஜீன், அதாவது மரபணு. நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன.

ஜீன் குறிப்பு மட்டும்தான், வேலை செய்வது புரதம். ஒரு புரதம் நொதியாக இருந்து ஏதோ ஒரு வேதிப்பொருளை உடைக்கும். இன்னொன்று நரம்பணுவின் மேல் ஏற்பியாக உட்கார்ந்துகொண்டு, வருகிற சமிக்ஞையைப் பிடிக்கும். கோபம் என்று ஒரு புரதம் கிடையாது, கீழ்ப்படிதல் என்றும் கிடையாது. ஒரு ஜீனில் ஆரம்பித்து ஒருவன் இன்னொருவனை அறைவது வரை போக வேண்டுமானால், நடுவில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அவற்றுக்கிடையிலான இணைப்புகள், அவன் வளர்ந்த வீடு, அன்று அவன் சரியாகத் தூங்கினானா என்பது வரை எல்லாம் இருக்கின்றன. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நூல் பருத்தியா பட்டா என்பது சேலையின் தரத்தை முடிவு செய்கிறது, உண்மைதான். ஆனால் கரையும் முந்தானையும் தறியில் ஏறிய பிறகுதான் முடிவாகின்றன.

அதற்காக, ஜீனுக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சில உயிரினங்களில் அந்தச் சம்பந்தம் ஆச்சரியப்படும் அளவுக்கு நேரடியானது.

ஈயும் எலியும்

பழம் கனிந்தால் சுற்றிச் சுற்றி வரும் சின்ன ஈயை எடுத்துக்கொள்வோம். ஆண் ஈ பெண்ணைக் கவர ஒரு முழுச் சடங்கே வைத்திருக்கிறது. பின்னாலேயே போகும், முன்காலால் தட்டும், ஒரு பக்க இறக்கையை மட்டும் விரித்து அதிரவைத்துப் பாடும். இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஃப்ரூட்லெஸ் என்ற ஜீனின் குறிப்பு ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது. 2005-ல் வியன்னாவில் எப்ரு டெமிரும் பாரி டிக்சனும், பெண் ஈக்களில் இந்த ஜீன் ஆண் பாணியில் வெட்டி ஒட்டப்படும்படி செய்தார்கள். அந்தப் பெண் ஈக்கள் மற்றப் பெண் ஈக்களைத் துரத்திப் போய், இறக்கையை விரித்துப் பாடின. ஒரே ஒரு ஜீன்தான். திரில்லர் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அடுத்து, வோல் என்ற சிறிய வட அமெரிக்கக் காட்டெலி. இதில் இரண்டு இனங்களைப் பற்றிய ஆய்வுகள் பிரபலம். பிரெய்ரி வோல் ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் அதே ஜோடியோடுதான் காலம் தள்ளும். அதன் நெருங்கிய உறவான மெடோ வோலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 2004-ல் அட்லாண்டாவில் லாரி யங்கின் குழு, வாஸோபிரஸின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியின் ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி, ஆண் மெடோ வோல்களின் முன்மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செலுத்தியது. அதன் பிறகு, பழகிய பெண்ணையும் புதிய பெண்ணையும் இரண்டு பக்கத்தில் விட்டு நடுவில் ஆணை விட்டால், அது பழகியதன் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வைரஸ், ஊசி, மனமாற்றம் என்று நாவலில் வருவது அப்படியே நடந்ததுபோல இருக்கிறது, இல்லையா?

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும், பல பத்திரிகைகளும் இங்கேதான் நிறுத்தின. ஆனால் 2023-ல் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. வாஸோபிரஸினுக்கு ஆக்ஸிடோசின் என்று ஒரு உறவுக்கார ஹார்மோன் உண்டு. 'காதல் ஹார்மோன்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது அதுதான். அதன் ஏற்பியை மருந்தால் அடைத்தால் பிரெய்ரி வோல்கள் ஜோடி சேர்வதில்லை என்று வருஷக்கணக்காக ஆய்வுகள் சொல்லிவந்தன. தேவானந்த் மனோலி, நிராவ் ஷா ஆகியோரின் குழுக்கள் கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தும் முறையில் அந்த ஏற்பியின் ஜீனையே செயலிழக்க வைத்து பிரெய்ரி வோல்களை உருவாக்கின. அவை சாதாரணமாக ஜோடி சேர்ந்தன. குட்டி போட்டன, பால் கொடுத்தன. பிறப்பிலிருந்தே ஒரு பாதை இல்லாமல் போனால், வளரும் மூளை வேறு பாதை கண்டுபிடித்துக்கொள்கிறது போலும். காதல் ஜீன் என்று தலைப்பு வைத்தவர்கள் யாரும் இதற்கு அதே அளவு பெரிய எழுத்தில் தலைப்பு வைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஈயில் இவ்வளவு நேரடியாக வேலை செய்வது, எலிக்கு வரும்போதே இப்படிச் சுற்றி வளைக்கிறது. அப்படியென்றால் மனிதனில்?

நீதிமன்றத்துக்குப் போன ஜீன்

1978-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். தன் குடும்பத்து ஆண்களில் பலருக்கு ஒரே மாதிரியான கோளாறு இருப்பதாகவும், தன் பிள்ளைகளுக்கும் அது வருமா என்று தெரிய வேண்டும் என்றும் கேட்டார். அந்த ஆண்களுக்குப் புத்தி சற்று மந்தம், சின்ன விஷயத்துக்கும் கட்டுக்கடங்காத கோபம். ஒருவர் தன்னை அடைத்துவைத்திருந்த மனநல நிலையத்தின் காப்பாளரைக் குத்தியிருந்தார், இருவர் தீ வைத்திருந்தார்கள். ஹான் பிரன்னர் தலைமையிலான குழு பல ஆண்டுகள் தேடி, 1993-ல் காரணத்தை வெளியிட்டது. எம்.ஏ.ஓ.ஏ. என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற மூளை வேதிப்பொருள்களை உடைக்கும் ஒரு நொதிக்கான ஜீன் அது. அந்த ஓர் எழுத்தால் நொதி உருவாவதே பாதியில் நின்றுபோனது. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், எக்ஸ் ஒன்று மட்டுமே உள்ள ஆண்களுக்கு மாற்றுப் பிரதி கிடையாது. பெண்கள் தப்பித்தார்கள்.

அடுத்த ஆண்டே இது அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பீட்சா கடை மேலாளரை 1991-ல் சுட்டுக்கொன்ற ஸ்டீபன் மோப்லி என்பவரின் வழக்கறிஞர்கள், அவருக்கு எம்.ஏ.ஓ.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக முரடர்கள் என்பது வாதம். நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2005-ல் மோப்லிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் 2009-ல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், இதே ஜீன் உட்படச் சில ஜீன்களின் பரிசோதனை முடிவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டு குறைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு குளறுபடி உண்டு. நைமேகன் குடும்பத்தில் அந்த நொதி அறவே கிடையாது, அது மிக மிக அபூர்வம். நீதிமன்றங்களில் பின்னாளில் பேசப்பட்டது அதுவல்ல. நொதி கொஞ்சம் குறைவாக உருவாகும் ஒரு சாதாரண வகை அது, ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. பத்திரிகைகள் 'போர்வீரன் ஜீன்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். மூன்றில் ஒருவன் கொலைகாரன் என்றால் தெருவில் நடமாட முடியாது.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். 2002-ல் அவ்சலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் ஆகியோர் அந்த ஆண்களின் எம்.ஏ.ஓ.ஏ. வகையை, அவர்கள் சிறுவயதில் வீட்டில் பட்ட கொடுமைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். குறைந்த வகை ஜீன் மட்டும் இருந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. ஜீனும் இருந்து அடி உதையும் பட்டவர்கள் குழுவில் 12 சதவீதம்தான். ஆனால் குழுவின் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்களுடையவை. பிறகு வந்த ஆய்வுகளில் சில இதோடு ஒத்துப்போயின, சில போகவில்லை. ஒத்துப்போனாலும், தடுக்கக்கூடியது எது என்று பார்த்தால் அது ஜீன் அல்ல, பிள்ளையை அடிக்கும் கைதான்.

2012-ல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 181 அமெரிக்க நீதிபதிகளிடம், மோப்லி வழக்கைத் தழுவிய ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துத் தண்டனை விதிக்கச் சொன்னார்கள். மரபணுக் காரணமும் சொல்லப்பட்டவர்கள் சராசரியாக 12.83 ஆண்டு விதித்தார்கள். சொல்லப்படாதவர்கள் 13.93 ஆண்டு. அதே காரணத்தைக் காட்டி, 'அப்படியானால் இவன் வெளியே வந்தாலும் ஆபத்துதான்' என்று எழுதிய நீதிபதிகளும் உண்டு. பாவம் அவன் என்ன செய்வான், பிறவியே அப்படி என்கிற இரக்கத்துக்கும், இவனைத் திருத்தவே முடியாது என்கிற பயத்துக்கும் ஆதாரம் ஒன்றேதான்.

கையைக் கட்டிவிடுங்கள் என்று கேட்கும் குழந்தை

எல்லாம் சேர்ந்துதான் நடத்தை என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் தோன்றும். ஆனால் ஒரே ஜீன் மனித நடத்தையை நேரடியாகப் பிடித்து ஆட்டும் ஒரு நோய் இருக்கிறது. எந்தத் திரில்லரைவிடவும் அது என்னை அதிகம் தொந்தரவு செய்திருக்கிறது.

1964-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் நைஹன் என்ற குழந்தை மருத்துவரும் மைக்கேல் லெஷ் என்ற மருத்துவ மாணவரும் இரண்டு சகோதரர்களின் நோயைப் பற்றி எழுதினார்கள். இன்று அது லெஷ்-நைஹன் நோய். எச்.பி.ஆர்.டி. என்ற நொதி கிட்டத்தட்ட இல்லாமல் போவதால் வருகிறது, இதுவும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜீன்தான். யூரிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறும். குழந்தையின் அணையாடையில் ஆரஞ்சு நிற மணல் போல ஏதோ படிவது பெரும்பாலும் முதல் அறிகுறி. கை கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பல் முளைத்த பிறகு, பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் உதட்டையும் விரல்களையும் கடிக்க ஆரம்பிக்கிறார்கள். சதை பிய்ந்துபோகும் அளவுக்கு.

வலி தெரியாமல் கடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே தெரியும், கடித்துக்கொண்டே அலறுவார்கள். முழங்கை மடங்காதபடி கட்டு போட்டுவிட்டால் முகம் தெளிந்து சிரிக்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் பயப்படுகிறார்கள், கட்டிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். பிடித்த ஆளைத்தான் அடிப்பார்கள், திட்டுவார்கள், உடனே மன்னிப்பும் கேட்பார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் என்ற மாத்திரை உண்டு. அது சிறுநீரகத்தைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. இன்னொரு விசித்திரம்: 1987-ல் இதே ஜீனைச் செயலிழக்க வைத்து எலிகளை உருவாக்கினார்கள். மரபணுப் பொறியியலின் ஆரம்பகால எலிகளில் அவையும் அடக்கம். அவை தங்களைக் கடித்துக்கொள்ளவே இல்லை. ஜீன் ஒன்று, பழுதும் ஒன்று. ஆனால் எந்த மூளையில் என்பதைப் பொறுத்து விளைவு வேறு.

இந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால்தான் ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971-ல் சொன்னது நன்றாக விளங்குகிறது. ஆசைகளில் இரண்டு அடுக்கு உண்டு என்றார் அவர். சிகரெட் பிடிக்க வேண்டும் என்பது கீழ் அடுக்கு. இந்த ஆசை எனக்கு இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்பது மேல் அடுக்கு. மிருகங்களுக்கு முதல் அடுக்கு மட்டும்தான், மனிதனுக்குத்தான் தன் ஆசையைப் பற்றியே ஒரு ஆசை இருக்கிறது. எந்த ஆசை நம்மைச் செயல்பட வைக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதுவே நம்மைச் செயல்பட வைத்தால் நம் விருப்பம் சுதந்திரமானது. உலகில் எல்லாமே முன்கூட்டி முடிவாகிவிட்டதா இல்லையா என்ற பழைய சண்டைக்குள் போகாமலே இதைச் சொல்லிவிட முடிகிறது என்பது இதன் சௌகரியம்.

லெஷ்-நைஹன் சிறுவனின் கை அவன் விருப்பத்துக்கு எதிராகப் போகிறது. ஆனால் 'கட்டிவிடுங்கள்' என்று கேட்கும் குரல் முழுக்க அவனுடையது. அந்த மேல் அடுக்கை ஜீனால் தொட முடியவில்லை.

சரி, நாவலுக்கு வருவோம். வில்லன் புத்திசாலியாக இருந்தால் இந்த மேல் அடுக்கையும் சேர்த்து மாற்றிவிடுவான். நாயகி கொல்ல ஆசைப்படுவாள், அப்படி ஆசைப்படுவதை முழு மனதோடு ஏற்றுக்கொள்வாள். இரண்டு அடுக்கும் இசைந்து போகின்றன, ஆக அவள் சுதந்திரமானவள்? ஃபிராங்ஃபர்ட்டின் விமர்சகர்கள் பிடித்துக்கொண்ட ஓட்டை இதுதான். ஆசை இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்றும் பார்க்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். நம்மில் யாரும் நம் ஜீனைத் தேர்ந்தெடுக்கவில்லை, நம் வீட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. என் பொறுமையின்மை என் அப்பாவிடமிருந்து வந்தது என்பதற்காக அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடாது. அப்படியானால் நாயகிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு வந்தது தற்செயல். அவளுக்கு வந்தது இன்னொருவர் கணக்குப் போட்டு வைத்தது.

இன்றைக்கு எது முடியும்

உயிரியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நாவலின் ஊசி கிடையாது. ஜீனைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியை ஜெனிஃபர் டவுட்னாவும் எம்மானுவேல் ஷார்பென்டியேயும் 2012-ல் அறிமுகப்படுத்தினார்கள், 2020-ல் நோபல் கிடைத்தது. இந்த முறையில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை, அரிவாள் செல் சோகைக்கும் தலசீமியாவுக்குமானது, 2023 நவம்பரில் பிரிட்டனில் வந்தது. நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, கீமோதெரபியால் பழைய மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, திரும்ப ஏற்றுகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இவ்வளவும் ரத்தத்துக்கு. ரத்தத்தை வெளியே எடுக்கலாம், மூளையை எடுக்க முடியாது.

அப்படியே போக முடிந்தாலும் எந்த ஜீனைத் திருத்துவது? 2022-ல் 30 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை வைத்து, யார் எத்தனை ஆண்டு படிக்கிறார்கள் என்பதோடு தொடர்புடைய 3,952 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் ஒன்றிரண்டு வாரப் படிப்பு அளவுதான். டி.என்.ஏ. முழுவதிலிருந்தும் அவர்கள் கணக்கிட்ட மதிப்பெண், மனிதர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது. கீழ்ப்படிதல், விசுவாசம், கொலைவெறி எல்லாம் இதைவிட எளிதாக இருக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. ஒருவனைச் சொன்னபடி ஆட வைக்க வேண்டுமானால் கடனும் பயமும் கைப்பேசியும் போதும், வைரஸ் வீண் செலவு.

ஆனால் இன்னொருவர் கணக்குப் போட்டு வைப்பது என்று சொன்னேனே, அது கருவில் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஜெர்மானியத் தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸ் 2001-லேயே இதைப் பற்றி எச்சரித்தார். பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், பாட்டு வகுப்பில் சேர்க்கலாம். பிள்ளை வளர்ந்ததும் அதோடு வாதாடலாம், உதறலாம். கருவிலேயே எழுதப்பட்ட ஒன்றோடு வாதாட முடியாது, அப்போது 'என் வாழ்க்கையை எழுதுவது நான்தான்' என்ற உணர்வே ஆட்டம் காணும் என்பது அவர் வாதம். கொஞ்சம் மிகைதான். கட்டாயப் பாட்டு வகுப்பை உதற முடியாத எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். இருந்தாலும் வாதத்தின் மையம் நிற்கிறது.

2018 நவம்பரில் ஷென்ஜென் நகர விஞ்ஞானி ஹெ ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற புரதத்தின் ஜீனை முடக்குவது நோக்கம். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது, தாய்க்கு இல்லை. விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் பழைய முறையிலேயே பிள்ளைக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளலாம், அதை அவரும் செய்திருந்தார். அப்படியானால் திருத்தம் எதற்கு என்பதற்கு நல்ல பதில் இல்லை. ஒரு குழந்தையில் ஜீனின் இரண்டு பிரதிகளும் மாறியிருந்தன, இன்னொன்றில் ஒன்றுதான். இயற்கையில் சிலருக்குப் பாதுகாப்பு தரும் மாற்றம் எதுவோ, சரியாக அதுவும் அமையவில்லை.

பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் படிவம் இந்த வேலையை 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று வர்ணித்தது. ஆக, குழந்தைகளுக்காக முடிவெடுத்தவர்களிடமே விஷயம் முழுசாகச் சொல்லப்படவில்லை. அடுத்த மரபணு திரில்லரை எழுதப் போகிறவர் ஊசியை விட்டுவிட்டு இந்தப் படிவத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. 2019 டிசம்பரில் ஷென்ஜென் நீதிமன்றம், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக ஹெவுக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. மரபணு திருத்தப்பட்ட மூன்றாவது குழந்தை ஒன்றும் பிறந்திருப்பது அந்தத் தீர்ப்புச் செய்தியோடுதான் உறுதியானது.